கிழிக்காத கார்டு

ஜூன் 9, திங்கள்

நூலகத்துக்கு நூறு வயதாகிறதாம். ஜூலை 13 அன்று கண்காட்சி. அரிய நூல்கள் ஒரு பக்கம். நூல் அல்லாத தாள்கள் இன்னொரு பக்கம், அதாவது நாடக நோட்டீஸ், தீப்பெட்டி ஒட்டு, ரேஷன் அட்டை, கல்யாணப் பத்திரிகை. இயக்குநர் தெய்வசிகாமணி சார் காலையில் என்னையும் லூர்துமேரியையும் கூப்பிட்டுச் சொன்னார். இயக்குநர் என்பது பெயர். இயங்குவது நாங்கள் இரண்டு பேரும்தான். நான் அட்டவணை எழுதுகிறவள். லூர்துமேரி கிழிந்ததை ஒட்டுகிறவள். சார் கையெழுத்துப் போடுவார்.

ஆளுக்கொரு நோட்டுப் போட்டு தினம் நடந்த வேலையை எழுதச் சொல்லியிருக்கிறார். எழுதுகிறேன். அரிய நூல் அறையில் பேனாவுக்கு அனுமதி இல்லை, எல்லாம் பென்சில்தான்.

கண்ணாடிப் பெட்டி ஏழு. ஒன்றில் விரிசல். நாப்தலின் உருண்டை வாங்க வேண்டும்.

பாரிக்கு வாட்ஸ்அப்பில் ‘சாப்டியா’ என்று அனுப்பினேன். நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை.

ஜூன் 11, புதன்

மேலே உள்ள கடைசி வரி வேலைக் குறிப்பில் சேராது. எழுதியது எழுதியாகிவிட்டது. யாராவது படித்தால் புரிய வேண்டுமே என்பதற்காக விவரம் தருகிறேன்.

பாரி என் மகன், ஒரே பிள்ளை. ஜெர்மனியில் இருக்கிறான். பிப்ரவரி 19 காலையில் என் கணவர் சிவஞானம் காபி குடித்தார், டம்ளரைக் கீழே வைத்தார், சாய்ந்தார். அப்போது பாரி வேலையில் சேர்ந்து மூன்று வாரம். விசா மாற்றும் நேரம், கிளம்பி வந்தால் திரும்பிப் போவது சிக்கலாகிவிடும் என்று பெரியவர்கள் கூடி முடிவெடுத்தார்கள். அவனுக்குப் பதினோரு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. அனுப்புவதைப் பார்க்கிறான், பதில் போடுவதில்லை. அவன் மறுபடி பேசுவானா என்பது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியது. மற்றபடி எனக்கு ஒன்றும் இல்லை. பசிக்கிறது, சாப்பிடுகிறேன். தூக்கமும் வருகிறது.

படித்துப் பார்த்தேன். அட்டவணை அட்டைபோல இருக்கிறது. தலைப்பு, ஆண்டு, நிலை.

ஜூன் 13, வெள்ளி

லூர்துமேரி மைதா காய்ச்சினாள். பைண்டிங் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போடுவாள், அரிய நூலுக்குப் போட மாட்டாள். 1871ஆம் வருடத்துச் சமையல் புத்தகம் ஒன்றின் முதுகை ஒட்டினாள். அதில் மிளகு ரசத்துக்கு எதிரே யாரோ ‘புளி அதிகம்’ என்று எழுதியிருக்கிறார்கள். சிரித்தாள். நானும் சிரிப்பு மாதிரி ஏதோ செய்தேன்.

“அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? உங்க வீட்டு சார் போனப்ப நீங்க அழுதீங்களாக்கா?”

“ஞாபகம் இல்ல.”

“நான் வந்திருந்தேன்ல. நீங்க அழல. எல்லாருக்கும் காபி போட்டுக் குடுத்தீங்க. இழவு வீட்டுல அடுப்பு பத்த வைக்கக் கூடாதுன்னு உங்க ஓரகத்திதான் வந்து அணைச்சாங்க.”

“அப்படியா” என்றேன். பசை கெட்டியாகிவிட்டது, மறுபடி கரைக்க வேண்டியதாயிற்று.

ஜூன் 16, திங்கள்

ஏழாவது பெட்டிக்கு சார் ஒரு யோசனை சொன்னார். ஒரு மனிதன் பிறந்தது முதல் போவது வரை தாளிலேயே காட்ட வேண்டும். ஜாதகம், பள்ளிச் சான்றிதழ், மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை, வளைகாப்பு அழைப்பு, கடைசியில் ஒரு சாவுக் கடிதம்.

கல்யாணப் பத்திரிகை நம்மிடம் 143 இருக்கிறது. சாவுக் கடிதம் ஒன்றுகூட இல்லை. சாருக்கு ஆச்சரியம். எனக்கு இல்லை. போன் வராத காலத்தில் இன்னார் இறந்தார் என்று கார்டு வரும். வாசலில் நின்றபடியே படித்து, அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டு, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வருவார்கள். அந்தக் கார்டு நிலைப்படி தாண்டக் கூடாது. இத்தனை லட்சம் கார்டு எழுதப்பட்டிருக்கும். எல்லாம் வாசலோடு போயின.

“ஒண்ணுகூடவா தப்பிச்சிருக்காது?” என்றார் சார்.

“கிழிக்கிறதுக்குத்தானே சார் அது வந்ததே.”

பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்.

ஜூன் 18, புதன்

விளம்பரம் வந்தது. கரப்பான் மருந்து அடித்தார்கள். தலைவலி.

ஜூன் 21, சனி

விளம்பரத்துக்கு நான்கு பேர் போன் செய்தார்கள். இரண்டு பேர் கல்யாணப் பத்திரிகை தருவதாகச் சொன்னார்கள். ஒருவர் பழைய ரூபாய் நோட்டு விற்பாராம். நான்காமவர், “சாவுக் கடுதாசிய வீட்டுல வச்சிருக்கிறவங்க வெளங்குவாங்களாம்மா? படிச்சவங்கதானே நீங்க?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அவர் கேட்டது நியாயம்தான்.

பாரிக்கு ‘இங்க மழை’ என்று அனுப்பினேன். நீலக் குறி.

ஜூன் 24, செவ்வாய்

கிடைத்துவிட்டது.

மூன்று வருடம் முன்பு, இடிக்கப் போகும் ஒரு வீட்டிலிருந்து நாற்பது புத்தகம் கொண்டுவந்து போட்டார்கள். வெ. சிதம்பரநாதன், தலைமை ஆசிரியர் என்று எல்லாவற்றிலும் முத்திரை. இத்தனை நாள் யாரும் பிரிக்கவில்லை. அதில் தாது வருடத்துப் பஞ்சாங்கம் ஒன்று. 1936. தூசி தட்டும்போது நடுவிலிருந்து ஒரு தபால் கார்டு விழுந்தது.

“நாளது ஐப்பசி மாதம் 9ஆம் தேதி காலை, தங்கள் மாப்பிள்ளையும் என் தம்பியுமாகிய சபாபதி விஷசுரத்தால் சிவலோக பதவி அடைந்துவிட்டான் என்பதை மிகுந்த துக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். தங்கள் குமாரத்தி அங்கே பிரசவத்துக்கு வந்திருக்கும் சமயத்தில் இப்படி எழுத நேர்ந்ததே.”

அவ்வளவுதான். பெறுநர் சிதம்பரநாதன். தபால் முத்திரையின் ஆங்கிலத் தேதி ஐப்பசி 12க்குச் சரியாக வருகிறது. கிழிசல் இல்லை. ஓரத்தில் பூச்சி அரித்த ஓட்டை இரண்டு. நிலை: நன்று.

லூர்துமேரி ஓடிப்போய்க் கை கழுவிவிட்டு வந்தாள். சார் ஓடி வந்து கார்டைப் பார்த்தார், குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். நான் பஞ்சாங்கத்தைத் துடைத்தேன்.

ஜூன் 25, புதன்

விவரக் குறிப்பில் தகராறு. சார் எழுதியது: ‘படித்ததும் கிழிக்கப்பட வேண்டிய கடிதம், கவனக்குறைவால் தப்பியது.’

“கவனக்குறைவு இல்ல சார். ஒளிச்சு வச்சிருக்காரு. மாசமா இருக்கிற பொண்ணு கண்ணுல பட்டுடக் கூடாதுன்னு.”

“இருக்கலாம். ஆதாரம்?”

“வாசல்ல நின்னு கிழிச்சிருந்தா அவ பாத்திருப்பா சார். கடுதாசி வந்ததும் வாசல்லயே கிழிச்சா யாரோ செத்துட்டாங்கன்னு அர்த்தம். யாருன்னு கேப்பா. அதனாலதான் கிழிக்காம உள்ள கொண்டுவந்திருக்காரு.”

சார் கார்டைத் திருப்பிப் பார்த்தார். “நீங்க சொல்றது சரியாத்தான் படுது. ஆனா ஊகத்தை எழுத முடியாதே, திலகவதி.”

அதுவும் சரி.

ஜூன் 27, வெள்ளி

அட்டவணையில் பிழை இருந்தால் அழிக்கக் கூடாது. ஒரு கோடு போட்டு, பக்கத்தில் திருத்தமும் தேதியும் எழுத வேண்டும். இருபத்தாறு வருடமாக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

ஜூன் 11 குறிப்புக்குத் திருத்தம்: பெரியவர்கள் கூடி எந்த முடிவும் எடுக்கவில்லை. பெரியவர் என்று இருப்பது மூத்தார் ஒருவர்தான், என் கணவரின் அண்ணன் திருஞானம். அவர் சொன்னது நேர்மாறு. “ஐஸ் பெட்டியில வச்சிருப்போம். ரெண்டு நாள் ஆனாலும் ஆகட்டும், பாரி வந்து கொள்ளி வைக்கட்டும்” என்றார்.

நான் கூடத்துக்குப் போய், போனைக் காதில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றேன். யாருக்கும் போன் போடவில்லை. திரும்பி வந்து, “அவன் வரலையாம். லீவு இல்லையாம். முடிச்சிடச் சொல்லிட்டான்” என்றேன்.

மூத்தாருக்கு முகம் கறுத்துவிட்டது. பெற்ற பிள்ளைக்கே இல்லாத அக்கறை தன் பிள்ளைக்கு எதற்கு என்று சொல்லி, கொள்ளி வைக்கத் தயாராக நின்ற மகனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஓரகத்தி மட்டும் தங்கினாள். மற்ற ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. நான் போனேன். நான்தான் வைத்தேன்.

விசா சிக்கல் உண்மைதான். அதற்காக மறைத்தேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜூன் 30, திங்கள்

இன்று ஒரு பெரிய தப்பு நடக்க இருந்தது. பாதி நடந்தும்விட்டது.

லூர்துமேரிக்குப் பழக்கம், பழைய புத்தகத்தில் பென்சில் கிறுக்கல் இருந்தால் மெதுவாக ரப்பர் போட்டு எடுத்துவிடுவாள். பழைய பைண்டர் ஒருவர் அப்படிப் பழக்கிவிட்டார். பெட்டியில் விரித்து வைக்க வேண்டுமே என்று பஞ்சாங்கத்தில் ஐப்பசிப் பக்கத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். மேஜையில் ரப்பர்த் துகள் கிடந்தது.

“என்ன அழிக்கிற?”

“ஒண்ணுமில்லக்கா. பொடிப்பொடியா கோடு. குழந்தைங்க கிறுக்குனது.”

வாங்கிப் பார்த்தேன். குழந்தை இத்தனை சிறிதாகக் கோடு போடாது. தேதிக்கு ஒரு கோடு, வரிசையாக. டார்ச்சைச் சாய்வாக அடித்தால் அழித்த இடத்திலும் பள்ளம் தெரிந்தது. ஐப்பசி 12இல் முதல் கோடு. கார்டு வந்த நாள். அங்கிருந்து ஒரு நாள்கூடத் தவறாமல் கார்த்திகை 4 வரை இருபத்துமூன்று கோடு. நாலாம் தேதிக்கு எதிரே பென்சிலில், ‘பெண். இருவரும் சுகம்.’

அதற்குப் பிறகும் கோடுகள் இருந்தன. கார்த்திகை 15 வரை. பதினைந்துக்கு எதிரே, ‘இன்று சொன்னேன்.’

புத்தக முத்திரையின் கீழே உள்ள கையெழுத்தும் இதுவும் ஒன்றுதான். தலைமை ஆசிரியரே எழுதியிருக்கிறார்.

லூர்துமேரி அழுதாள், அழித்ததற்காகவா அந்தப் பெண்ணுக்காகவா தெரியவில்லை. “பரவால்ல, தெரியுது” என்றேன். சாருக்குக் காட்டினோம். ஆதாரம் கிடைத்துவிட்டது என்றார்.

ஜூலை 2, புதன்

பிரசவம் வரை இருபத்துமூன்று நாள் சொல்லாமல் இருந்தது எல்லோருக்கும் புரியும். குழந்தை பிறந்தாயிற்று, இருவரும் சுகம். அதற்கப்புறம் எதற்குப் பதினோரு நாள்? சார் அதைத்தான் கேட்டார். தீட்டு கழியட்டும் என்று இருந்திருப்பார், உடம்பு தேறட்டும் என்று இருந்திருப்பார் என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.

எனக்குத் தெரியும். ஜூன் 27க்கும் திருத்தம் போட வேண்டியிருக்கிறது.

அந்தப் பதினோரு நாளில் பாரி மூன்று தடவை போன் செய்தான். முதல் தடவை, “அப்பா எங்கம்மா?” என்றான். தூங்குகிறார் என்றேன். இரண்டாவது தடவை, கடைக்குப் போயிருக்கிறார் என்றேன். சொல்லிவிட்டு வாசலைப் பார்த்தேன், வந்துவிடுவார் என்று. உண்மையாகவே பார்த்தேன். மூன்றாவது தடவை, “அவருக்கு உன்மேல கோவம், நீ முடி வெட்டலன்னு” என்றேன். அவன் சிரித்தான். அவர் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

வீட்டில் படத்துக்கு மாலை போட்டு விளக்கு எரிந்தது. தெருவில் எல்லோருக்கும் அவர் செத்துவிட்டார். பாரியோடு பேசும் பத்து நிமிடம் மட்டும் சாகவில்லை. விசாவும் இல்லை, ஒன்றும் இல்லை. எனக்கு அந்தப் பத்து நிமிடம் வேண்டியிருந்தது. அதற்காக, என் பிள்ளைக்கு அவன் அப்பாவைக் கடைசியாகப் பார்க்கக் கொடுக்காமல் வைத்துக்கொண்டேன்.

ஆசிரியருக்கு ஒரு காரணமாவது இருந்தது, இருபத்துமூன்று நாளுக்கு.

பதினோராம் நாள் மூத்தார் கோபம் அடங்காமல் அவனுக்குப் போன் போட்டு, “அப்பன் சாவுக்கு வராத நீ என்னடா பிள்ளை?” என்று கேட்டார். அவனுக்கு அப்படித்தான் தெரிந்தது. அதற்குப் பிறகும் நான் மூத்தாரிடம் உண்மையைச் சொல்லவில்லை. நாலு மாதமாக ஊரில் அவனுக்குத்தான் கெட்ட பெயர். அவனும் யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

ஜூலை 4, வெள்ளி

மாலை ஐந்து மணிக்கு மூத்தாருக்குப் போன் போட்டேன். நேரே போயிருக்க வேண்டும். கால் வரவில்லை.

“அத்தான், அன்னிக்கு பாரிக்கு நான் சொல்லவே இல்ல.”

“எத சொல்லல?”

“அவங்க அப்பா போனத.”

“வரலைன்னுட்டான்னு சொன்னியேம்மா.”

“அவன் சொல்லல. நான்தான் சொன்னேன்.”

அவர் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதை நிறுத்தினார்கள்.

“அந்தப் பிள்ளைய நான் என்னென்ன பேசினேன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியும் அத்தான்.”

“கேட்டுக்கிட்டே இருந்தான்மா. ஒரு வார்த்த திருப்பிப் பேசல.” பிறகு, “நானும் என் பையனக் கூட்டிட்டு வந்துட்டேனே. உன்னத் தனியா விட்டுட்டு வந்துட்டேனே” என்றார். ஏன் செய்தாய் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. போனை வைத்துவிட்டார்.

பாரிக்கு எழுதி அனுப்பினேன்: ‘பெரியப்பாகிட்ட உண்மைய சொல்லிட்டேன். உன்மேல தப்பில்ல. நான்தான் மறைச்சேன். உனக்காக இல்ல, எனக்காக.’ நீலக் குறி விழ இருபது நிமிடம் ஆயிற்று. பதில் இல்லை.

சோறு வடித்தேன். குழைந்துவிட்டது.

ஜூலை 7, திங்கள்

விரிசல் விட்ட பெட்டிக்குக் கண்ணாடி மாற்றினார்கள். தச்சர் அளவு தப்பாக வெட்டிவிட்டார், மறுபடி வெட்ட வேண்டும். சிறப்பு விருந்தினர் வர முடியாது என்றுவிட்டார். சார் வேறு ஆள் தேடுகிறார்.

பதில் இல்லை.

ஜூலை 9, புதன்

மூத்தார் யாரோடும் பேசாமல் படுத்திருக்கிறாராம். ஓரகத்தி போன் செய்தாள். திட்டத்தான் செய்தாள் என்று நினைக்கிறேன். நீளமாக இருந்தது, முழுக்கக் கேட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

ஏழாவது பெட்டி முடிந்தது. விவரக் குறிப்பு, சார் ஒப்புக்கொண்ட வடிவம்:

‘சாவுக் கடிதம், 1936. படித்தவுடன் கிழிப்பது வழக்கம். பெறுநர் இதைக் கிழிக்காமல் பஞ்சாங்கத்தில் வைத்து, மருமகனின் மரணத்தைத் தம் மகளிடம் முப்பத்துநான்கு நாள் மறைத்தார். ஒவ்வொரு நாளும் ஒரு கோடு போட்டிருக்கிறார்.’

“பிரசவத்துக்காகன்னு சேத்துடலாமா?” என்றார் சார்.

“முப்பத்துநாலு நாளும் அதுக்காக இல்லையே சார்.”

யோசித்துவிட்டு, “இருக்கட்டும், அப்படியே விடுங்க” என்றார். இந்த மனிதரைப் பற்றி நான் முதல் பக்கத்தில் எழுதியது கொஞ்சம் அதிகம்.

ஜூலை 13, ஞாயிறு

திறப்பு விழா. நூற்றுப்பத்துப் பேர் வந்தார்கள். சுண்டல் போதவில்லை. சமையல் புத்தகத்தின் முன்னால்தான் கூட்டம். ஏழாவது பெட்டியை எட்டிப் பார்த்த சிலர் இரண்டடி தள்ளியே நின்று படித்தார்கள். ஒரு அம்மா என்னிடம் வந்து, “அந்தப் பொண்ணு அப்பாவ மன்னிச்சாளா?” என்று கேட்டார். அது எங்களுக்குக் கிடைத்த தாள்களில் இல்லை என்றேன்.

ஜூலை 14, திங்கள்

மதியம் ஒன்றரை இருக்கும். நான் மட்டும் கண்காட்சி அறையில் இருந்தேன். போனில் பாரி பெயர் வந்தது. தவறிக் கை பட்டிருக்கும் என்று நினைத்து, நிற்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். மறுபடி அடித்தது.

“அம்மா.”

“சொல்லுடா.”

“பெரியப்பா நேத்துப் பேசினாரு. ரொம்ப அழுதாரு.”

“ம்.”

“அப்பாவுக்கு நீதான் கொள்ளி வச்சியாமே.”

“ஆமாடா.”

இதற்குத்தான் ஐந்து மாதமாகப் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அது உன் உரிமை, நான் எடுத்துக்கொண்டேன், எது சொன்னாலும் தகும் என்று வரிசையாக மனப்பாடம். ஆரம்பிக்க வாயைத் திறந்தேன்.

“கை சுட்டுச்சாம்மா?” என்றான்.

யாரும் இதுவரை என்னை இதைக் கேட்டதில்லை. சூடத்தை அவர் நெஞ்சில் வைத்துவிட்டு, கையை எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தகன மேடை ஆள்தான் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். நான்கு விரலும் கொப்பளித்திருந்தன. அந்தக் கையோடுதான் வீட்டுக்கு வந்து எல்லோருக்கும் காபி போட்டிருக்கிறேன் போலிருக்கிறது.

“சுட்டுச்சு” என்றேன்.

“ரொம்பவா?”

“ரொம்ப.”

“எனக்கு இன்னும் கோவம் போகலம்மா.”

“போக வேண்டாம்டா.”

“சரி. ஆனா நீ அழு” என்றான். “நான் போன வைக்க மாட்டேன். இங்கயேதான் இருக்கேன், அழு.”

அழுதேன். மேஜையைப் பிடித்துக்கொண்டு, அவர் பெயரைச் சொல்லி, சத்தமாக அழுதேன். சத்தம் கேட்டு வந்த லூர்துமேரி அறைக் கதவைச் சாத்திவிட்டு, வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, வந்தவர்களை எல்லாம் சாப்பாட்டு நேரம் என்று சொல்லி மூன்று மணிக்கு மேல் வரச் சொன்னாளாம்.